மணவாளக்குறிச்சி மணலும் மகளின் மேற்படிப்பும்

அன்புள்ள அண்ணாச்சி,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததும் மகளை பி.எட். சேர்த்துவிடலாம் என்று இருந்தீர்கள். அவளோ எம்.எஸ்சி. படித்து, சீரியா என்ற, சீரியம் உலோகத்தின் ஆக்சைடால் ஆன பீங்கானில் ஆராய்ச்சி செய்வேன் என்று நிற்கிறாள். "பீங்கானில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிவாயுவைக் கொளுத்தாமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாதனம் எரிபொருள் மின்கலம். அதில் ஒரு வகைக்கு நடுவில் மெல்லிய பீங்கான் தகடு இருக்கும். ஆக்சிஜன் அயனிக்கு அது வழிவிட வேண்டும். எலக்ட்ரானைத் தடுக்க வேண்டும். நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருவது யிட்ரியம் சேர்த்த சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் உலோகத்தின் ஆக்சைடு. அதற்குப் பொதுவாக 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சீரியா 500, 600 டிகிரியிலேயே அயனியைக் கடத்திவிடும். சூடு குறைந்தால் சுற்றியிருக்கும் பாகங்களை எஃகிலேயே செய்துகொள்ளலாம், செலவு இறங்கும்.

தூய சீரியா இதற்கு உதவாது. கடோலினியம், சமாரியம் போன்ற வேறோர் உலோகத்தை 10 முதல் 20 விழுக்காடு வரை கலக்க வேண்டும். இதைத்தான் மாசூட்டல் என்கிறார்கள். சீரியத்துக்கு மின்சுமை நான்கு, கடோலினியத்துக்கு மூன்று. இரண்டு கடோலினியம் உள்ளே போனால் ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாகும். கல்யாணப் பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காரலாம், அவர் இடத்துக்கு அடுத்தவர் வரலாம் அல்லவா? அயனியும் அப்படித்தான் நகர்கிறது. ஆனால் கடோலினியத்தை அள்ளிப் போட்டால் காலியிடங்கள் அதனோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ரஜன் படும் பக்கத்தில் சீரியம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். தகட்டின் வழியே மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசியும். இதற்கு வழி தேடுகிறவர்களுக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலை நீங்கள் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். அதிலிருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில்தான் சீரியம் இருக்கிறது. போட்டிக்கு நிற்கும் சிர்கோனியமும் அதே மணலின் சிர்கான் என்ற கனிமத்தில் கிடைப்பதுதான். அவள் எங்கோ இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அண்ணாச்சி.

இனி சோற்றுக் கணக்கு. இங்கிலாந்தின் சீரஸ் நிறுவனம் எஃகுத் தகட்டின் மேல் சீரியா பூசித்தான் மின்கலம் செய்கிறது. அமெரிக்காவில் இவ்வகை மின்கலம் செய்யும் ப்ளூம் எனர்ஜியை நிறுவியவர்களில் ஒருவரான கே.ஆர்.ஸ்ரீதர் திருச்சி பொறியியல் கல்லூரியில், இன்றைய என்.ஐ.டி.யில் படித்தவர். ஆனால் இந்தியாவில் இந்த மின்கலத்துக்கென்றே இருக்கும் வேலைகள் சொற்பம். இதை மறைத்து உங்களைத் தேற்ற மாட்டேன். அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

அவள் கையில் ஏறப்போகும் தொழில் அதைவிடப் பெரியது. கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் தான் செய்த சிறு பீங்கான் வில்லையை எனக்குக் காட்டினாள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது, இளமஞ்சள் நிறம், குறுக்கே ஒரு விரிசல். பொடியை அச்சில் அழுத்தி, 1400 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டிருக்கிறாள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றியதால் பொடியை ஒட்டவைக்கக் கலந்திருந்த பசை வேகமாக எரிந்து, வில்லை வெடித்துவிட்டது. அடுத்த தடவை மெல்ல ஏற்றினாளாம், வில்லை முழுதாக வந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்; அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொடி தயாரிப்பது, சுடுவது, மின்தடையை அலைவெண் வாரியாக அளந்து பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது ஆகியவை தெரிந்தவர்களுக்கு பேட்டரி, உணரி, மின்தேக்கி, அணுசக்தித் துறைப் பீங்கான் என்று பல வாசல்கள் உண்டு.

பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வை எழுதட்டும். தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை; முனைவர் பட்டத்துக்கு உங்கள் சேமிப்பைத் தொட வேண்டியிருக்காது. நன்கொடை கேட்கும் கல்லூரி எதுவானாலும் வேண்டாம். சேரும் முன் ஆய்வகத்தை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். உயர்வெப்ப உலை அங்கேயே இருக்கிறதா, அளவீட்டுக் கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா என்று கேட்கட்டும். வெளியூருக்கு மாதிரியை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து ஆண்டுகளைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூத்த மாணவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை விசாரிப்பதும் நல்லது.

பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.எஸ்சி. முடித்தும் சேரலாம். இந்த ஞாயிறு மாலை இருவரும் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது விரிசல் விழாத அந்த இரண்டாவது வில்லையை எடுத்துவரச் சொல்லுங்கள். நீங்களும் கையில் வாங்கிப் பாருங்கள்.