வாசிக்க விடாத போஸ்டர்

அன்புள்ள ஐயா,

நான் வரைகலை வடிவமைப்பு படிக்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கிரான்புரூக் கலை அகாடமிக்காக கேத்தரின் மெக்காய் 1989இல் செய்த போஸ்டரை வகுப்பில் காட்டினார்கள். படத்தின்மேல் படம், அதன்மேல் எழுத்து. பத்து நிமிடம் பார்த்தும் தலைகால் புரியவில்லை. படிக்க முடியாத போஸ்டர் தோற்றுப்போன போஸ்டர்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பத்து நிமிடம் பார்த்தேன் என்கிறீர்கள். சாலையோரச் சுவரில் ஒரு போஸ்டருக்கு மூன்று நொடி கிடைத்தாலே அதிகம். ஆனால் இது சாலைக்காகச் செய்ததல்ல, அங்கே முதுகலை வடிவமைப்பு படிக்க வர நினைப்பவர்களுக்காகச் செய்தது. மாணவர்களின் வேலைகள் படத்தொகுப்பாக அடியில் கிடக்கின்றன. மேலே எதிரெதிர்ச் சொற்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன, கூடவே தகவல் தொடர்புக் கோட்பாட்டின் வரைபடம் ஒன்று. இந்தக் குழப்பத்துக்குள் நின்று யோசிக்க உங்களுக்குப் பிடிக்குமா என்று வருகிறவரைக் கேட்கும் போஸ்டர் அது. ரயில் நேர அட்டவணையை இப்படிச் செய்திருந்தால் நிச்சயம் நான் உங்கள் பக்கம்தான்.

இந்தப் பழக்கம் அங்கே திடீரென்று முளைத்ததும் இல்லை. 1978இல் ஒரு ஆய்விதழின் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டுச் சிறப்பிதழை கிரான்புரூக் மாணவர்கள் வடிவமைத்தார்கள். முதலில் வழக்கமான பக்கம்தான். போகப்போக வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது, சொற்கள் விலகுகின்றன, அடிக்குறிப்புகள் மேலேறி முதன்மைப் பத்திக்குள் புகுந்துவிடுகின்றன. ஒரு சொல்லைப் படித்துவிட்டு அடுத்தது எது என்று கண் தேடுகிறது. அர்த்தத்தை உண்டாக்குவதில் வாசகருக்கும் பங்குண்டு என்பது அந்தக் கோட்பாட்டின் முக்கியமான பேச்சு. பக்கம் அதை விளக்கவில்லை, உங்களைச் செய்ய வைக்கிறது. எனக்கு இது இன்றும் பெரிய சாதனையாகவே படுகிறது.

அப்புறம் எட் ஃபெல்லா. டெட்ராய்ட்டில் முப்பது வருடம் விளம்பர ஓவியராக உழைத்துவிட்டு, 1985இல் கிரான்புரூக்கில் மாணவராகச் சேர்ந்தவர். பிற்பாடு அவர் உரைகளுக்காகச் செய்த துண்டறிக்கைகளில் பல, உரை முடிந்தபின் அச்சானவை! கையால் வரைந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஒரு சாய்வு. இடமும் நேரமும் அறிவிக்கும் வேலை தீர்ந்துவிட்டால் தாளில் என்ன மிஞ்சும் என்று அவர் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

சரி, உங்கள் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வடிவமைப்பாளர் வொல்ஃப்காங் வைங்கார்ட் அச்சுக்கான பிலிம்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கையால் அடுக்கிப் பார்த்த வேலை, கணினி வந்ததும் எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. அடுக்கு இருக்கும், அடியில் சொல்ல விஷயம் இருக்காது. அப்படிப்பட்ட நகல்களை நீங்கள் தோல்வி என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

மெக்காயின் போஸ்டரை மட்டும் இன்னொரு முறை எடுங்கள். படங்களை விட்டுவிட்டு அந்தச் சொல் ஜோடிகளைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.