தம்பி கையில் உள்ள அட்டையும் வங்கி நீட்டும் அட்டையும்

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் உட்லண்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அண்மையில் சம்பளம் மாதம் 10,500 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்ந்ததும், ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் தரும் உயர்நிலைப் பயண அட்டையை வாங்கிக்கொள்ளுமாறு ஒரு வங்கி அழைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 600 வெள்ளி. அதைக் கட்டினால் 25,000 மைல் (விமானச் சீட்டாக மாற்றிக்கொள்ளும் வெகுமதிப் புள்ளிகள்) கிடைக்கும். முதல் இரண்டு மாதங்களில் 8,000 வெள்ளி செலவிட்டால் மேலும் 30,000 மைல். உள்ளூர்ச் செலவில் வெள்ளிக்கு 1.5 மைல், வெளிநாட்டுச் செலவில் 2.2 மைல். விமான நிலைய லவுஞ்ச் அனுமதியும் உண்டு. எங்கள் வீட்டுச் செலவு மாதம் 3,000 வெள்ளி. அதைத் தனி அட்டையில் செய்து மாதாமாதம் முழுமையாகக் கட்டிவிடுகிறேன். இன்னோர் அட்டையின் துணை அட்டை, அம்மாவின் மருத்துவ அவசரத்துக்கென்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்தது, திருச்சியில் தம்பியிடம் இருக்கிறது. அதில் மாதம் சுமார் 1,200 வெள்ளி செலவாகிறது. நிலுவை இப்போது 9,000 வெள்ளி. மாதம் தவறாமல் 1,400 வெள்ளி கட்டியும் நிலுவை ஏன் குறையவில்லை என்று புரியவில்லை. தம்பியின் செலவையும் புதிய அட்டைக்கு மாற்றினால் முதல் ஆண்டிலேயே 140,000 மைல் சேர்ந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் நால்வரும் இலவசமாக ஊருக்குப் போய்வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். வாங்கலாமா? துணை அட்டையின் மூன்று மாதக் கணக்கறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போது வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்கள் மைல் கணக்கு சரியானதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணத்துக்கு 25,000, வரவேற்புச் சலுகையாக 30,000, வீட்டுச் செலவுக்கு 54,000, தம்பியின் செலவுக்கு ஏறத்தாழ 31,700 என்று கூட்டினால் 140,000 மைலைச் சற்றுத் தாண்டவே செய்கிறது. ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு என்று வைத்தால் அதன் மதிப்பு சுமார் 2,110 வெள்ளி. 600 வெள்ளி கட்டி 2,110 வெள்ளி பெறுவது நல்ல பேரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வங்கியின் விளம்பரக் கையேடும் இந்த இடத்தில்தான் கணக்கை நிறுத்திக்கொள்கிறது.

நாம் அங்கே நிறுத்தக்கூடாது. தம்பி ரூபாயில் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் சிங்கப்பூர் அட்டைகள் பெரும்பாலும் 3.25 விழுக்காடு அந்நியச் செலாவணிக் கட்டணம் வசூலிக்கின்றன. ஆண்டுக்கு 14,400 வெள்ளிச் செலவில் அது 468 வெள்ளி. அதே செலவில் கிடைக்கும் 31,700 மைலின் மதிப்பு 475 வெள்ளி. தம்பி செலவு செய்வதால் உங்களுக்கு ஆண்டு முழுவதும் மிஞ்சுவது 7 வெள்ளி மட்டுமே. வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதல் மைல் என்று பெரிய எழுத்தில் அச்சிடுபவர்கள், அந்த மைலுக்கான விலையை நீங்களே வேறொரு வரியில் கட்டிவிடுகிறீர்கள் என்பதைச் சிறிய எழுத்தில்தான் சொல்கிறார்கள்.

ஆண்டுக் கட்டணம் 600, செலாவணிக் கட்டணம் 468 இரண்டையும் கழித்தால் 2,110 வெள்ளி 1,042 ஆகிறது. உங்கள் வீட்டுச் செலவை வெள்ளிக்கு 1.2 மைல் தரும் சாதாரண மைல் அட்டையில் செய்தாலே 43,200 மைல், அதாவது 648 வெள்ளி மதிப்பு, கிடைத்துவிடும்; அத்தகைய அட்டைகளின் ஆண்டுக் கட்டணத்தை, தொலைபேசியில் கேட்டால் வங்கிகள் பல நேரங்களில் தள்ளுபடி செய்கின்றன. அதையும் கழித்தால், உயர்நிலை அட்டை முதல் ஆண்டில் உங்களுக்குக் கூடுதலாகத் தருவது 400 வெள்ளிக்கும் குறைவு. இரண்டாம் ஆண்டில் வரவேற்புச் சலுகை இல்லை. அந்த 30,000 மைலின் மதிப்பான 450 வெள்ளி போனதும் கணக்கு நட்டத்துக்குச் சென்றுவிடுகிறது.

ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு என்பதே உங்களைப் பொறுத்தவரை தாராளமான மதிப்பீடு என்பேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் மைலைக் கொண்டு அந்நிறுவன விமானத்தில் சென்னைக்குப் போகலாம்; ஆனால் உங்கள் ஊர் திருச்சி. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவை நேராகத் திருச்சியில் இறக்கிவிடும்போது, சென்னையில் இறங்கி, இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மேலும் ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்ய நீங்கள் விரும்புவீர்களா என்று யோசியுங்கள். எனவே மைலை ஒப்பிட வேண்டியது, நீங்கள் உண்மையில் வாங்கக்கூடிய மலிவு விமானச் சீட்டின் விலையோடுதான். அதோடு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரே விமானத்தில் நான்கு பேருக்குக் குறைந்த மைல் விகிதத்தில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விமான நிலைய வரிகளைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 36 மாதங்களில் காலாவதியாகும் என்பதால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் சேர்த்துவைக்கவும் முடியாது. லவுஞ்ச் வசதியைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. நள்ளிரவு விமானத்துக்கு முன் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காரும் இடத்துக்காக ஆண்டுக்கு 600 வெள்ளி என்பது உங்கள் இப்போதைய நிலையில் பொருந்தாத செலவு.

இவ்வளவும் அட்டையைப் பற்றியது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொன்று. மாதம் 1,400 வெள்ளி கட்டியும் நிலுவை குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் என்று உங்கள் கணக்கறிக்கையே சொல்கிறது. தம்பியின் செலவு 1,200 வெள்ளி. அதன்மேல் செலாவணிக் கட்டணம் 39 வெள்ளி. 9,000 வெள்ளி நிலுவைக்கு ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று கொண்டால் மாத வட்டி ஏறத்தாழ 200 வெள்ளி. மூன்றும் சேர்ந்து 1,439 வெள்ளி. நிலுவை இருக்கும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், தம்பி இன்று பெட்ரோல் போட்டால் இன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. அதையும் சேர்த்தால் இந்தத் தொகை இன்னும் சற்றுக் கூடும். நீங்கள் கட்டும் 1,400 வெள்ளி இதற்கே போதவில்லை. நீங்கள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுவதால் நிலைமை கட்டுக்குள் இருப்பதாக நினைக்கிறீர்கள். கடன் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் வட்டி மட்டும் 2,400 வெள்ளிக்கு மேல். புதிய அட்டை முதல் ஆண்டில் தரக்கூடிய 400 வெள்ளி ஆதாயத்தைப்போல் இது ஆறு மடங்கு.

கணக்கறிக்கையை வரிவரியாகப் படித்தேன். அம்மாவின் மருத்துவ அவசரத்துக்காகக் கொடுத்த அட்டையில், மூன்று மாதங்களில் மருந்துக் கடையின் பெயரில் இருப்பவை இரண்டே வரிகள். இரண்டும் சேர்ந்து 90 வெள்ளிகூட ஆகவில்லை. மற்றவை பெட்ரோல், கைப்பேசி ரீசார்ஜ், ஒரே மொத்த வியாபாரியிடம் ஏறக்குறைய வாரம் ஒரு முறை செய்த கொள்முதல். தம்பி ஏதோ கடையோ வியாபாரமோ தொடங்கியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அதில் தவறேதும் இல்லை. அவருடைய கொள்முதலுக்கான முதல், ஆண்டுக்கு 27 விழுக்காடு வட்டியும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் 3.25 விழுக்காடு கட்டணமும் வைத்து, உங்கள் பெயரில், சிங்கப்பூரிலிருந்து போய்க்கொண்டிருப்பதுதான் தவறு. துணை அட்டையில் யார் தேய்த்தாலும் வங்கியிடம் பொறுப்பு முதன்மை அட்டைதாரருக்கே. இந்த வட்டியை உங்கள் தம்பி ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அறிக்கை உங்களுக்குத்தான் வருகிறது. தெரிந்தால் அவரே அதிர்ந்துபோவார் என்று நினைக்கிறேன்.

இதே ஏற்பாட்டை புதிய அட்டைக்கு மாற்றும் எண்ணம்தான் உங்கள் திட்டத்தில் மிகவும் ஆபத்தான பகுதி. இரண்டு மாதங்களில் 8,000 வெள்ளி செலவிட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உங்கள் வீட்டுச் செலவு 6,000 வெள்ளி மட்டுமே உதவும். மீதி 2,000 வெள்ளியைத் தம்பியின் செலவால் நிரப்பவே நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் பழைய அட்டையில் 9,000 வெள்ளி அப்படியே நிற்க, புதிய அட்டையில் இன்னொரு நிலுவை முளைக்கும். வாடகையை அட்டையில் கட்டி மைல் சேர்க்க உதவும் செயலிகளும் இப்போது பரவலாகிவிட்டன. ஏறத்தாழ 2 விழுக்காடு கட்டணம் கொடுத்து மைல் வாங்குவது அட்டைக் கடன் இல்லாதவர்களுக்கே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம், உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிடக்கூடாது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு மத்திய சேம நிதி கிடையாது. கட்டாயச் சேமிப்பு எதுவும் உங்களுக்காக எங்கும் சேரவில்லை. வேலை போனால் பாஸ் ரத்தாகி, குறுகிய கால வருகை அனுமதியில் ஏறத்தாழ ஒரு மாதம்தான் இங்கே இருக்கலாம். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது, வருமான வரி ஆணையம் அவருடைய வரிக்கணக்கை முடித்து அனுமதி தரும்வரை நிறுவனம் அவருக்குச் சேர வேண்டிய கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. கையில் சம்பளம் வராத அந்த மாதத்தில் வீட்டு வாடகையும் விமானச் சீட்டும் இந்த 9,000 வெள்ளிக் கடனும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது கணக்கில் உள்ள மைல்கள் உங்களுக்கு உதவப்போவதில்லை.

எனவே முதலில் துணை அட்டையை ரத்து செய்யுங்கள். அதற்கு ஒரு நாள் முன் தம்பியிடம் நீங்களே பேசிவிடுங்கள். கடையில் வரிசையில் நிற்கும்போது அட்டை செல்லாது என்று அவர் அறிந்துகொள்ள நேரக்கூடாது. மூன்று மாத அறிக்கையை அவருக்கு அனுப்பி, வட்டி வரியையும் செலாவணிக் கட்டண வரியையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். "உனக்கு உதவுவதை நிறுத்தவில்லை, இந்த வழியில் உதவினால் உனக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் நான் ஏறத்தாழ 20 வெள்ளி வங்கிக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். மாதம் 1,200 வெள்ளிச் செலவுக்கு 239 வெள்ளி வட்டியும் கட்டணமும் போகிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக மாதம் 600 வெள்ளி, ஒரே தேதியில், அவருடைய அல்லது அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய பணப் பரிமாற்ற முறைகளுக்கிடையே 2023 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இணைப்பு வழியாகவோ, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உள்ள பணமாற்று நிறுவனங்கள் வழியாகவோ அனுப்பினால் ஆகும் செலவு 3.25 விழுக்காட்டைவிட மிகவும் குறைவு. உடன்பிறந்தவருக்கு அன்பளிப்பாக அனுப்பும் பணத்துக்கு இந்தியாவில் அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வியாபாரத்துக்கு அதற்கு மேல் முதல் வேண்டுமானால், அவர் தம் பெயரில் திருச்சி வங்கிக் கிளையில் சிறு வியாபாரிகளுக்கான முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கட்டும். வட்டி இந்த அட்டை வட்டியைவிடக் குறைவாக இருக்கும் என்பதோடு, கடை தாக்குப்பிடிக்குமா என்று வங்கி மேலாளர் கேட்கும் கேள்விகளுக்கு அவரும் பதில் யோசிப்பார். அண்ணனிடம் யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

இப்போது கட்டும் 1,400 வெள்ளியில் 600 ஊருக்குப் போனால் 800 மீதமிருக்கும். அதை இந்த அட்டையிலேயே கட்டிவந்தால் கடன் தீர 13 மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,490 வெள்ளி. வேறொரு வங்கியில் 12 மாத நிலுவை மாற்றத் திட்டம் (கடனை அந்த வங்கியின் அட்டைக்கு மாற்றி, அந்தக் காலத்துக்கு வட்டியின்றிக் கட்டும் ஏற்பாடு) கிடைத்தால், ஒரு முறைக் கட்டணம் 5 விழுக்காடு என்று வைத்தாலும் 450 வெள்ளிதான். மொத்தம் 9,450 வெள்ளியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 788 வெள்ளி. உங்கள் 800 வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது, ஆயிரம் வெள்ளியும் மிச்சமாகிறது. நிலுவை மாற்றத்தையும் வங்கிகள் சலுகை என்றே விற்கின்றன என்பதால் இரண்டு எச்சரிக்கைகள்: அந்த அட்டையில் ஒரு வெள்ளிகூடப் புதிதாகச் செலவு செய்யாதீர்கள், பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் கடைசிக் காசுவரை கட்டி முடியுங்கள். தவறினால் மீதித் தொகைக்குப் பழைய வட்டி திரும்பிவிடும். மறந்துவிடாமலிருக்க மாதத் தொகையை கைரோ வழியாகத் தானாகவே கழியுமாறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆண்டிறுதி போனஸ் வந்தால் பாதியைக் கடனுக்கும் பாதியை டிசம்பர் பயணத்துக்கும் வையுங்கள். திருச்சிக்கு நேரடியாகச் செல்லும் மலிவு விமானத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால் ஊருக்குப் போவது தடைப்படாது.

கடன் தீர்ந்த பிறகு மாதம் 800 வெள்ளி உங்களுக்கு விடுபடும். குறைந்தது நான்கு மாதச் செலவுக்கான தொகை, வாடகையும் சேர்த்து, வங்கியில் சேரும்வரை அதை வேறெதற்கும் ஒதுக்காதீர்கள். அந்தத் தொகை சேர்ந்த பின்னும் மைலில் ஆர்வம் இருந்தால், ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாகக்கூடிய சாதாரண மைல் அட்டை ஒன்றை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். துணை அட்டை விண்ணப்பத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள். இந்த மாத இறுதியோடு சலுகை முடிகிறது என்று அந்த வங்கி உங்களை அவசரப்படுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் சம்பளம் அதே அளவில் இருக்கும்வரை அவர்கள் மீண்டும் அழைப்பார்கள்.