கேள்வி – பதில்: கசாப்புக்காரன் எங்கே போனான்?

கேள்வி: 1996இல் வந்த டியாப்லோ கணினி விளையாட்டின் முதல் பாகத்தைத் தனியாக விளையாடுகிறேன். அண்ணன் ஆடியபோது தேவாலயத்துக்கு அடியில் இரண்டாம் தளத்தில் கசாப்புக்காரன் என்ற அரக்கன் வந்தான். எனக்கு அவனையே காணோம். கேம் பழுதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பழுதெல்லாம் இல்லை தம்பி. தனியாள் ஆட்டத்தில் எல்லாக் குவெஸ்ட்டும், அதாவது ஆட்டம் நமக்குத் தரும் பணிகள் எல்லாமும், ஒரே தடவையில் வராது, புது ஆட்டம் தொடங்கும்போதே கேம் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து மற்றதை விட்டுவிடும், கசாப்புக்காரனும் அந்தக் குலுக்கலில்தான் இருக்கிறான். தேவாலய வாசலில் காயம்பட்டுச் சாகக் கிடக்கிறவன் இருந்தால் கசாப்புக்காரன் வருவான். இல்லையென்றால் புது ஆட்டம் தொடங்குங்கள்.

அப்புறம், 16 தளமும் வெட்டிக்கொண்டே இறங்கினால் கதை பிடிபடாது. கதை மேலே டிரிஸ்ட்ரம் ஊரில், கொல்லன் கிரிஸ்வோல்டும் கிழவர் கெயினும் பேசுகிற ஊர்வம்பில் இருக்கிறது. நம் தோட்டத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய கோப்பிக்கடையில் அரை மணி உட்கார வேண்டும் இல்லையா, அதே மாதிரிதான். ஒவ்வொரு குவெஸ்ட் கிடைத்ததும் மேலே வந்து எல்லாரிடமும் அதைப் பற்றிக் கேளுங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குச் சண்டையைவிட அதுதான் பிடிக்கும்.