பேஸ் கிட்டார் வாசிப்பவர் குழுவில் சேர நோட்டேஷன் தெரிந்திருக்க வேண்டுமா? – கேள்வி பதில்

பொழுதுபோக்காக பேஸ் கிட்டார் பழகுகிறவர்கள் ஓர் இசைக்குழுவில் சேர எண்ணும்போது எழும் ஐயங்களை அனுப்பியிருக்கிறார்கள். ராக் குழுக்களிலும் இசை நாடகங்களின் வாத்தியக் குழுக்களிலும் நெடுங்காலமாக பேஸ் வாசித்து வருவதால், என் அனுபவத்துக்கு உட்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஓராண்டாகப் பாடல்களைக் கேட்டும் டேப் (எந்தத் தந்தியை எங்கே அழுத்த வேண்டும் என்று எண்களால் காட்டும் தாள்) பார்த்தும் பழகி வருகிறேன். குழுவில் சேருவதற்கு முன் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பு) படிக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

பதில்: எந்தக் குழுவில் சேரப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறருடைய பாடல்களை மேடையில் வாசிக்கும் ராக், பாப் குழுக்களில் பாடல் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். ஒவ்வொருவரும் ஒலிப்பதிவைக் கேட்டுத் தம் பங்கை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வருவார்கள். ஒத்திகையில் பெரும்பாலும் யார் முன்னாலும் தாள் இருக்காது. சொந்தப் பாடல்களை உருவாக்கும் குழுக்களில் எழுதி வைத்த பேஸ் பகுதி என்ற ஒன்றே இருப்பதில்லை. கிட்டார் வாசிப்பவர் ஒரு வரிசையை வாசித்துக் காட்டுவார், அதற்குப் பொருந்தும் பேஸை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்விரு இடங்களிலும் நோட்டேஷன் தெரியாதது தடையே அல்ல. பிக் பேண்ட் (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு), இசை நாடகம், ஆர்கெஸ்ட்ரா ஆகியவற்றில் நிலைமை நேர்மாறானது. அங்கே முதல் ஒத்திகையிலேயே எழுதிய பகுதியை முன்னால் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே சேருவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தாள் கொடுப்பீர்களா, கொடுத்தால் அது எந்த வகைத் தாள்? அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பேஸ் கலைஞரைப் பல குழுக்கள் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்கின்றன. தெரியும் என்று சொல்லிவிட்டு ஒத்திகையில் திணறுகிறவரை எந்தக் குழுவும் விரும்புவதில்லை.

கேள்வி: தாளே இல்லை என்றால் பேஸ் வாசிப்பவர் தவறு செய்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? கிட்டாரும் கீபோர்டும் சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. மற்றவர்கள் வாசிக்கும் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பின்) பெயரையே பேஸ் மாற்றிவிடும். கிட்டாரும் கீபோர்டும் சி மேஜர் கார்டை, அதாவது சி, ஈ, ஜி ஆகிய மூன்று ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கீழே சி வாசித்தால் கேட்பவருக்கு அது சி மேஜர். அதே நேரத்தில் நீங்கள் ஏ வாசித்தால், மற்ற இருவரும் விரலைக் கூட நகர்த்தாமலேயே, ஒட்டுமொத்தமாக ஒலிப்பது ஏ மைனர் செவன்த். பாடலின் மனநிலையே அந்த ஒரு ஸ்வரத்தில் திரும்பிவிடுகிறது. எந்த பாரில் (தாளச் சுற்றில்) எந்த ஸ்வரம் என்ற தெளிவு பேஸ் வாசிப்பவருக்கு இருந்தே ஆக வேண்டும். அந்தத் தெளிவு காதின் வழியாக வந்தாலும் சரி, தாளின் வழியாக வந்தாலும் சரி.

கேள்வி: என் குழுவில் கார்டு சார்ட் (ஸ்வரங்களுக்குப் பதில் கார்டுகளின் பெயர்களை எழுதிய தாள்) மட்டும் தருகிறார்கள். இதற்கு நோட்டேஷன் தேவையா?

பதில்: ஸ்வரங்களைப் படிக்கத் தேவையில்லை; ஆனால் அந்தத் தாளில் உள்ள மற்ற எல்லாவற்றையும் படிக்க வேண்டும். பொழுதுபோக்காக வாசிப்பவரின் கைக்கு அதிகம் வரும் தாள் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது, சாய்கோட்டுடன் எழுதிய கார்டுகள். சி/ஈ என்று இருந்தால் மற்றவர்கள் சி கார்டை வாசிப்பார்கள், நீங்கள் ஈ வாசிக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் இருப்பது பேஸுக்கான கட்டளை. அதைப் பார்க்காமல் முன்னால் இருக்கும் எழுத்தையே வாசித்துக்கொண்டு போவது புதியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பிழை. இரண்டாவது, பாதை. திரும்ப வாசிக்கும் குறி, முதல் முடிவு, இரண்டாம் முடிவு, டி.எஸ். (குறியிட்ட இடத்துக்குத் திரும்பு), கோடா (இறுதிப் பகுதி) ஆகியவை எங்கே திரும்ப வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்று சொல்கின்றன. வாசிக்கத் தொடங்குமுன் விரலால் தொட்டபடி அந்தப் பாதையை ஒரு முறை நடந்து பாருங்கள். மூன்றாவது, கார்டுகளுக்கு மேலே தலை மட்டும் சாய்வாக எழுதப்பட்ட தாளக்குறிகள்; அந்த இடத்தில் முழுக் குழுவும் ஒரே அடியை ஒன்றாக அடிக்கிறது என்று அர்த்தம். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் எல்லோரும் நிற்கும் இடத்தில் நீங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: பாப் குழுவில் சேர நோட்டேஷன் அவசியமா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?

பதில்: இந்தப் பகுதிக்கு உரிய கேள்வி அல்ல. உங்கள் குழுவின் ட்ரம் கலைஞரோடு சேர்ந்து வாசித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: டேப் இருக்கும்போது நோட்டேஷன் எதற்கு?

பதில்: டேப்பைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்முறையில் எழுதி வந்தார்கள். நான்கு கோடுகள் நான்கு தந்திகள். எண், ஃப்ரெட்டை, அதாவது விரல் அழுத்தும் இடத்தைக் காட்டும் கழுத்துக் கம்பியைக் குறிக்கும். நோட்டேஷன் சொல்லாத ஒன்றையும் டேப் சொல்கிறது: ஒரே ஏ ஸ்வரத்தைத் திறந்த தந்தியில் எடுப்பதா, ஈ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் எடுப்பதா என்பதை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் டேப்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைச் சொல்வதில்லை, அதாவது தாளம் அவற்றில் இல்லை. கேட்டறிந்த பாடலுக்கு அது நினைவூட்டலாக உதவும். கேட்டறியாத பாடலை அதிலிருந்து எழுப்ப முடியாது. தவிர, உங்கள் குழுவில் உள்ள சாக்ஸஃபோன் கலைஞருக்கு ‘மூன்றாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட்’ என்பதால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: நோட்டேஷன் கற்றவர்கள் தாளைப் பார்த்தே வாசித்துப் பழகி, காதையும் உணர்வையும் இழந்துவிடுகிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் பால் மெக்கார்ட்னிக்கு நோட்டேஷன் தெரியாது. அவர் வாசித்த பேஸை விடச் சிறந்தது எது?

பதில்: மெக்கார்ட்னி நோட்டேஷன் படிப்பதில்லை என்பது உண்மை, அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் வாசித்த சூழலையும் சேர்த்துப் பாருங்கள். தாமும் தம் நண்பர்களும் உருவாக்கிய பாடல்களுக்குத் தாமே பேஸ் அமைத்தார். இளம் வயதிலிருந்தே ஒன்றாக மேடையேறிய குழு அது. மணிக்கணக்காக ஒரே அறையில் இருந்து ஒரு பாடலைச் செதுக்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. தந்தி வாத்தியக் கலைஞர்களை வெளியிலிருந்து அழைத்தபோது அவர்களுக்கான பகுதிகளைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழுவுக்கும் எழுத்து தேவைப்பட்டது. அதைச் செய்ய வேறொருவர் இருந்தார், அவ்வளவுதான்.

காது போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. தாளை மட்டுமே நம்பி, பாடலைக் கேட்காமலேயே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது வளராததற்குக் காரணம் கேட்காததே தவிர, படித்தது அல்ல. தாளம் எழுதப்பட்ட விதத்தை அறிந்த பின் ஒரு பாடலைக் கேட்டால், முன்பு மங்கலாக உணர்ந்த இடங்கள் துல்லியமாகக் கேட்கத் தொடங்குகின்றன.

கேள்வி: மேலே காதைப் பற்றிக் கேட்டவன்தான் மீண்டும் எழுதுகிறேன். உங்கள் பதில் ஸ்டுடியோ, நாடகம் போன்ற இடங்களுக்குத்தான் பொருந்தும். ஸ்டுடியோவில் வாசித்தவர்களில் காலத்தால் நிலைத்த பேஸ் கலைஞர்கள் எத்தனை பேர்?

பதில்: கேரல் கே ஒருவரே போதும். ஜாஸ் மேடைகளில் கிட்டார் வாசித்து வந்த அவர், 1963இல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமல் போனதால் அந்த இடத்தில் பேஸ் வாசித்தார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் மிகுதியாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். எழுதிய தாளைச் சரளமாகப் படித்தவர் அவர். எழுதாத இடத்தில் தாமே புதிய வரிகளைச் சேர்த்தவரும் அவரே. உணர்வு குறைந்தது என்று அவருடைய வாசிப்பைக் கேட்ட எவரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நான் ட்ரம் வாசிக்கிறேன். இந்த வாதத்தைப் படித்ததால் எழுதுகிறேன். பேஸ் கலைஞருக்கு நோட்டேஷன் தெரிகிறதா என்று நான் பார்ப்பதே இல்லை. என் கிக் ட்ரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அவர் இணைகிறாரா என்பதைத்தான் பார்க்கிறேன். இருவரும் தேவையில்லாததற்குச் சண்டையிடுகிறீர்கள்.

பதில்: உங்கள் அளவுகோல் சரியானது. ஆனால் கிக் ட்ரம்மோடு இணைவதற்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசியுங்கள். ஒரு பாரில் எட்டு அரையடிகள் இருக்கின்றன. நீங்கள் அவற்றை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து அடிக்கிறீர்கள். வாயால் சொன்னால் தகிட தகிட தக. பேஸும் அதே மூன்று இடங்களில் விழ வேண்டும். தாளில் இது புள்ளி வைத்த குவார்ட்டர் நோட் (மூன்று அரையடி), பிறகு ஒரு குவார்ட்டர் நோட்டுடன் வில்போன்ற கோட்டால் இணைக்கப்பட்ட எய்த் நோட், கடைசியில் தனியாக ஒரு குவார்ட்டர் நோட் என்று எழுதப்படும். முதன்முறை பார்ப்பவருக்கு இது குழப்பமாகத் தோன்றும். தகிட தகிட தக என்று சொல்லிக்கொண்டே ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தவருக்கு, அதன்பின் எந்தத் தாளில் கண்டாலும் அந்த வடிவம் ஒரே பார்வையில் புரியும். நான் வலியுறுத்தும் படிப்பு இதுதான்: ஸ்வரத்துக்கு முன் தாளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இத்துடன் இந்த வாதத்தை முடித்துக்கொள்கிறேன். விடையின்றி வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: பாடகர் திடீரென்று ஸ்கேலை மாற்றச் சொல்கிறார். எழுதி வைத்த கார்டுகள் எல்லாம் வீணாகின்றன. என்ன செய்வது?

பதில்: எழுத்துகளுக்குப் பதில் எண்களை எழுதுங்கள். ஸ்கேலின் முதல் ஸ்வரத்தில் அமையும் கார்டு 1, நான்காவதில் அமைவது 4 என்று குறிக்கும் இம்முறை, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் பாடகர் நீல் மேத்யூஸிடம் தொடங்கி, சார்லி மெக்காய் போன்ற கலைஞர்கள் வழியாகப் பரவியது. ஜி ஸ்கேலில் ஜி, ஈ மைனர், சி, டி என்று வரும் பாடலை 1, 6 மைனர், 4, 5 என்று எழுதி வைத்திருந்தால், பாடகர் எஃப் ஸ்கேலுக்கு இறக்கச் சொல்லும்போது தாளை மாற்ற வேண்டியதில்லை. எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி என்று வாசித்துவிடலாம். கிட்டார் கலைஞர் கேப்போ (தந்திகளை ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டிருந்தால் அவர் சொல்லும் கார்டின் பெயரை அப்படியே நம்பாதீர்கள். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ இருக்கும்போது அவர் ஜி என்று பிடிப்பது ஏ ஆகத்தான் ஒலிக்கும்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. எனக்கு எந்த வழி?

பதில்: காது வழி உங்களுக்கு முழுமையாகத் திறந்திருக்கிறது, பார்வையற்ற கலைஞர்கள் பலர் அவ்வழியிலேயே உயர்ந்திருக்கிறார்கள். படிக்க விரும்பினால் பிரெய்ல் இசைக்குறிப்பு உள்ளது. அதை வகுத்த லூயி பிரெய்லே ஓர் ஆர்கன் கலைஞர். தொட்டுப் படிக்கவும் தந்தியில் வாசிக்கவும் அதே விரல்கள் தேவைப்படுவதால், பகுதியை முன்னதாகவே மனனம் செய்ய வேண்டியிருக்கும். ஒத்திகைக்கு நன்கு முன்பே ஒலிப்பதிவைத் தரும்படி குழுவிடம் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

கேள்வி: படிக்கத் தொடங்க முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

பதில்: வயது தடையல்ல. முதலில் ஒரே ஸ்வரத்தில் தாளத்தை மட்டும் படியுங்கள். மெட்ரோனோமை (சீராக அடியைத் தட்டிக்காட்டும் கருவியை) மெதுவாக வைத்து, காலால் அடியைத் தட்டியபடி. அது கைவந்த பின் பேஸ் கிளெஃப்பில் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான ஐந்து கோடுகளில்) நான்கு திறந்த தந்திகளின் இடத்தை மனத்தில் பதியுங்கள். ஈ, ஐந்து கோடுகளுக்குக் கீழே உள்ள முதல் துணைக்கோட்டில் இருக்கும், ஏ, அடியிலிருந்து முதல் இடைவெளியில், டி, நடுக்கோட்டில், ஜி, மேலிருந்து முதல் இடைவெளியில். மற்ற ஸ்வரங்களை இந்த நான்கு இடங்களிலிருந்து அளந்து கண்டுபிடிக்கலாம். எழுதியிருப்பதை விட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழேதான் பேஸ் ஒலிக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பியானோவில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது குழப்பம் வராது. ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் அதன் பெயரை எழுதி வைக்காதீர்கள்: கண் எழுத்தைத்தான் படிக்கும், குறியைப் படிக்காது. தினமும் பத்து நிமிடம், ஒவ்வொரு நாளும் புதிய தாள். தவறினாலும் நிற்காமல் அடுத்த பாருக்குச் செல்லுங்கள், ஏனென்றால் குழு உங்களுக்காகத் திரும்பி வராது.

கேள்வி: ஐந்து தந்தி பேஸுக்கும் இதே முறையா?

பதில்: ஆம். கீழ் பி மட்டும் இரண்டாம் துணைக்கோட்டுக்கு அடியில் வரும்.

கேள்வி: நோட்டேஷன் தெரியாமல் குழுவில் சேர முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: முடியும். எந்தக் குழுவில் என்பதை முதல் பதிலில் எழுதியிருக்கிறேன். அருள்கூர்ந்து அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஓர் இசை நாடகக் குழுவில் படிக்கத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன். எனக்குத் தாளம் ஓரளவு தெரியும், ஸ்வரங்கள் மிக மெதுவாகத்தான் வருகின்றன. அடுத்த வாரம் ஒத்திகை.

பதில்: இன்றே இசை இயக்குநரை அழைத்து, மெதுவாகத்தான் படிப்பேன் என்று சொல்லிவிடுங்கள். பகுதியையும் ஒலிப்பதிவையும் உடனே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் இருப்பதால் அவர் வேறு ஏற்பாடு செய்யவோ, உங்களுக்கு உதவவோ வழி இருக்கிறது. ஒத்திகை அன்று சொன்னால் இரண்டும் முடியாது. பகுதி கைக்கு வந்ததும் ஸ்வரங்களில் இறங்காமல், வேகம் மாறும் இடங்கள், ஸ்கேல் மாறும் இடங்கள், நீண்ட ஓய்வுகள், பக்கம் திருப்பும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு, வாத்தியத்தைத் தொடாமல் தாளை மட்டும் கண்ணால் தொடருங்கள். கடினமான பார்களைத் தனியே எடுத்துப் பழகுங்கள். ஒத்திகையில் வழி தவறினால் ஊகித்து வாசிக்காமல் கையை நிறுத்தி, எண்ணிக்கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த பகுதியின் முதல் பாரில் சேர்ந்துகொள்ளுங்கள். குறிப்புகளைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். நாடகத் தாள்கள் பெரும்பாலும் வாடகைக்கு வருபவை. நிகழ்ச்சிகள் முடிந்ததும் அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.