பதில்: லைசின் என்சைம் தானே, கைடு ஏன் சுழிச்சாங்க?

உங்க கைடு சுழிச்சது சரிதாங்க. அபலோன் (ஒரு வகை கடல் நத்தை) விந்தணுவோட லைசின் (lysin-ங்கற புரதம், lysine அமினோ அமிலம் இல்ல) முட்டை உறையை 'செரிக்குது'ன்னு செமினார் ஸ்லைடுல போட்டிருக்கீங்க, அதான் வினை. பேரைப் பார்த்து எல்லாரும் என்சைம்னு நெனச்சுக்கறோம், நானும் எம்.எஸ்சி வைவால இதையே உளறி வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான்.

அது எதையும் வெட்டறதே இல்ல. முட்டையைச் சுத்தி இருக்கற உறைல வெர்ல்னு ஒரு நீள புரதம், நார் நாரா ஹைட்ரஜன் பிணைப்புல பின்னிக் கிடக்கும், விந்தணு நுனில இருந்து கொட்டற லைசின் போய் வெர்ல்ல ஒட்டிக்கும், ஒட்டினதும் நாருக்கு நாரு இருந்த பிடி விட்டுப்போயி பின்னல் பிரிஞ்சு ஒரு ஓட்டை விழும், அது வழியா விந்தணு நீந்தி உள்ள போயிடும். ஜடை அவிழற மாதிரி, கத்திரிக்கோல் வேலை கிடையாது.

கலிஃபோர்னியா கடல்ல 7 அபலோன் இனம் இருந்தும் ஏன் சுலபமா கலக்கறதில்லன்னு கேட்டிருந்தீங்க. லைசின் இனத்துக்கு இனம் வேகமா மாறிடுது, அதனால வேற இனத்து முட்டையைத் திறக்கணும்னா அதே லைசின் ரொம்ப அதிகமா வேணும். சிவப்பு அபலோன் வெர்ல்ல 22 ரிப்பீட் (திரும்பத் திரும்ப வர்ற துண்டு), முதல் 2 மட்டும் தனி ரகம், மீதி 20ம் கிட்டத்தட்ட ஒரே அச்சு, இதையும் போடுங்க, கைடுக்குப் பிடிக்கும்.

அப்புறம் கடல் முள்ளெலியோட பிண்டினை (1977ல வாக்கியரும் மாயும் கண்டுபிடிச்சது) அதே ஸ்லைடுல திணிக்காதீங்க, அது விந்தணுவை முட்டைல ஒட்ட வைக்கற பசை, ஓட்டை போடறது இல்ல.