டாக்டர் ஊரில் இல்லாத நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை அமெரிக்காவில் இருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. மேற்பார்வை டாக்டர் இல்லாத நேரத்தில் பி.ஏ., அதாவது டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து மருந்தும் எழுதும் பிசிஷியன் அசிஸ்டென்ட், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? பதினான்கு வருடமாக அங்கே குடும்ப மருத்துவ கிளினிக்குகளில் பி.ஏ.வாக இருப்பவள் நான், அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு ரொம்பப் பழக்கம்.

கேள்வி: ஒரு சின்ன கிளினிக்கில் பி.ஏ.வாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இருப்பது ஒரே டாக்டர். அடுத்த மாதம் மூன்று வாரம் வெளிநாடு போகிறார். "நீங்க பார்த்துக்குவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்கிறார். அவர் இல்லாமல் நான் நோயாளிகளைப் பார்க்கலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, டெக்சஸ்)

பதில்: பார்க்கலாம். ஆனால் அவருடைய நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. டெக்சஸ் சட்டம் மேற்பார்வை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது, அதற்காக டாக்டர் எப்போதும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. போனிலோ வேறு வழியிலோ நீங்கள் இருவரும் சுலபமாகத் தொடர்புகொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான். நியூயார்க் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆக, டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைவிட, நீங்கள் கூப்பிட்டால் எடுப்பாரா என்பதுதான் முக்கியம். பதினைந்து மணி நேர விமானத்தில் இருப்பவர் எடுக்க மாட்டார். இங்கே பகல் பதினொரு மணி என்றால் அவருக்கு அங்கே நடுராத்திரியாக இருக்கலாம், அப்போதும் எடுக்க மாட்டார்.

அதனால்தான் மாற்று டாக்டர் வேண்டும். நீங்கள் மருந்து எழுதுவதற்காக டாக்டரோடு போட்ட அதிகார ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், டாக்டர் இல்லாதபோது தற்காலிகமாக மேற்பார்வை செய்யப்போகும் மாற்று டாக்டர் யார் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் அவர் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நிரப்பச் சொல்லுங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்த டாக்டரை நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லேபில் இருந்து போன் வந்தது. ஒரு பெரியவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் 6.4, ஆபத்தான அளவு. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய லிசினோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எங்கள் டாக்டர் விமானத்தில் இருந்தார். கோப்பில் இருந்த மாற்று டாக்டரைக் கூப்பிட்டேன், "அந்த லிஸ்ட்ல என் பேர் இருக்கா?" என்று அவர் என்னைக் கேட்டார். அதற்குள் பெரியவரின் மகனைப் பிடித்து, ஆம்புலன்ஸில் எமர்ஜென்சிக்கு அனுப்பி, அங்கிருந்த டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். பிழைத்துக்கொண்டார். எமர்ஜென்சிக்கு அனுப்ப யாருடைய அனுமதிக்கும் நாம் காத்திருக்கத் தேவையில்லை, அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நான் அங்கே தனியாக நின்றேன், அப்படி நின்றிருக்கவே கூடாது. அன்றிலிருந்து என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும்: இன்று யாரைக் கூப்பிட வேண்டும், அவருடைய செல் நம்பர், எத்தனை மணி வரை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைப் புதிதாக எழுதுகிறேன்.

இன்னொன்று, இதைப் பலர் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். டெக்சஸில் ஷெட்யூல் 2 மருந்துகளை, அதாவது அடிமைப்படுத்தும் ஆபத்து அதிகம் என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவற்றை, ஒரு பி.ஏ. மருத்துவமனையிலும் இறுதிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸிலும்தான் எழுத முடியும், சாதாரண கிளினிக்கில் முடியாது. ஹைட்ரோகோடோன் கலந்த வலி மாத்திரைகள் 2014-லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கின்றன, கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் ஆடரால் போன்றவையும் அதில்தான். உங்கள் டாக்டர் கிளம்புவதற்கு முன் அந்த மூன்று வாரத்தில் மருந்து தீரப்போகிறவர்கள் யார் யார் என்று எடுத்து, அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சேர்த்து 90 நாளுக்கு மிகாமல், எந்தத் தேதிக்கு முன் கொடுக்கக் கூடாது என்று குறித்து, தனித்தனிச் சீட்டுகளாக எழுத மத்திய விதி இடம் தருகிறது. "வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போறேன்" என்று அவர் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது குற்றம், மாட்டிக்கொள்வது நீங்கள் இருவரும்.

எட்டு மாத அனுபவம் என்கிறீர்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மூன்று வாரத்துக்குப் புது நோயாளிகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். நானும் முதல் வருடத்தில் அப்படித்தான் கேட்டேன், யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

கேள்வி: டாக்டர் லீவில் இருந்து பி.ஏ. நோயாளிகளைப் பார்க்கும் நாட்களிலும் எல்லா மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பில்லையும் டாக்டர் பெயரில்தான் போடுகிறோம். "எப்பவும் இப்படித்தான்" என்கிறார் ஆபீஸ் மேனேஜர். பில்லிங் பார்ப்பவன் நான். பயமாக இருக்கிறது.
(வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: பயம் நியாயமானதுதான். பி.ஏ. பார்த்ததை டாக்டரின் எண்ணில் போட்டு முழுத் தொகை வாங்குவதற்கு 'இன்சிடென்ட் டூ' என்று ஒரு வழி இருக்கிறது, அதற்கு நிபந்தனைகளும் உண்டு. அந்தப் பிரச்சினைக்கான சிகிச்சையை டாக்டர்தான் முதலில் தொடங்கியிருக்க வேண்டும். பி.ஏ. பார்க்கும் நேரத்தில் டாக்டர் அதே அலுவலகத்தில், கூப்பிட்டால் வரும்படி இருக்க வேண்டும். கோவிடுக்குப் பிறகு நேரலை வீடியோவில் இருப்பதையும் ஏற்கத் தொடங்கினார்கள், வெறும் போன் போதாது. அதே குழுவைச் சேர்ந்த இன்னொரு டாக்டர் அன்று அங்கே இருந்தால் அவர் பெயரில் போடலாம். லீவில் போய் நேரிலும் வீடியோவிலும் இல்லாத டாக்டரின் பெயரில் போட முடியாது.

அந்த நாட்களுக்கு பி.ஏ.வின் சொந்த என்.பி.ஐ. எண்ணில் (சிகிச்சை தருபவரின் தேசிய அடையாள எண்) போடுங்கள், டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் கிடைக்கும். 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பணத்தை மெடிகேர் பி.ஏ.வுக்கே நேராகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மீதி 15 சதவீதத்துக்காகத்தான் உங்கள் மேனேஜர் இவ்வளவு ஆபத்தை இழுத்துக்கொள்கிறார். அரசுக்குப் பொய் பில் அனுப்புவதைத் தண்டிக்கும் பொய்க் கணக்குச் சட்டத்தில் மாட்டினால் மூன்று மடங்கு நஷ்ட ஈடு, அதற்கு மேல் ஒவ்வொரு பில்லுக்கும் தனியாக அபராதம். டாக்டரின் லீவு தேதிகளையும் அந்தத் தேதிப் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

மேனேஜருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் முறை இருக்கிறது, அதற்கு ஒரு ஹெல்த் கேர் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னதற்காக உங்களை வேலையை விட்டு எடுத்தால் அதே சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, மெடிகேர். டாக்டர் விடுப்பில் இருப்பதால் பி.ஏ. பார்த்து, இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிவிட்டார். "உதவியாளர் எப்படி மாத்திரையை மாத்தலாம்?" என்று அம்மா கோபத்தில் இருக்கிறார்.
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: அம்மாவின் கோபத்தில் பாதி அந்தப் பெயரால் வந்தது. பி.ஏ. என்பவர் கம்பவுண்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது, ராணுவ மருத்துவப் பயிற்சி பெற்ற கடற்படை ஆட்களைத்தான் எடுத்தார், டாக்டர்கள் போதாத ஊர்களில் நோயாளிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று. இன்று முதுகலைப் படிப்பு, தேசியத் தேர்வு, லைசென்ஸ் எல்லாம் உண்டு. 2021-ல் எங்கள் சங்கமே 'அசிஸ்டென்ட்' என்பதை 'அசோசியேட்' என்று மாற்ற வாக்களித்தது. மாத்திரையை மாற்றுவது பி.ஏ. தினமும் செய்கிற வேலைதான்.

ஆனால் யார் தன்னைப் பார்த்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை போலிருக்கிறது, அந்த வகையில் அவர் கோபம் நியாயம். அடுத்த முறை நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: "இன்னிக்கு உங்களுக்குப் பின்னால் இருக்கிற டாக்டர் யார்?" யோசிக்காமல் பதில் வர வேண்டும். வராவிட்டால் சாதாரண விஷயத்தை மட்டும் முடித்துக்கொண்டு மற்றதற்கு டாக்டர் வந்த பிறகு நேரம் கேளுங்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். பில் பி.ஏ.வின் பெயரில் வந்தால், வருடத் தொடக்கத்தில் அவரே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக அம்மா கட்டும் 20 சதவீதம் அந்தக் குறைந்த 85 சதவீதக் கட்டணத்தின் மேல்தான். மெடிகேரில் இருந்து வரும் விவரச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அன்று ஊரிலேயே இல்லாத டாக்டரின் பெயர் இருந்தால் கிளினிக்கைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் டாக்டர் திடீரென்று இறந்துவிட்டார். நாளை காலை இருபது நோயாளிகள் வருகிறார்கள். நான் பார்க்கலாமா?
(பி.ஏ., ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். வடக்கு டகோட்டா 2019-லும், யூட்டாவும் வயோமிங்கும் 2021-லும் டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்திவிட்டன, அங்கே என்றால் உங்கள் நிலை வேறு. மற்ற பல மாநிலங்களில் அவரோடு போட்ட ஒப்பந்தம் அவரோடு முடிந்தது. மாற்று டாக்டர் பெயர் எழுத்தில் இருந்தால் இன்றிரவே அவரைக் கூப்பிடுங்கள், அந்த ஏற்பாடு எத்தனை நாளுக்குச் செல்லும் என்று காலையில் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த மாநில போர்டில் கேளுங்கள். யாரும் இல்லை என்றால் பார்க்காதீர்கள். இருபது பேரையும் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்களை முதலில். மருந்து தீர்ந்துபோகும் நிலையில் இருப்பவர்களுக்கு எங்கே போகலாம் என்று வழி சொல்லிவிட்டு, கோப்பில் அதைக் குறித்து வையுங்கள்.