பழைய வரைபடத்தில் நம் ஊர்: வாசகர் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். சென்னையின் பழைய வரைபடம் ஒன்றின் மறுபதிப்பு கிடைத்தது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. உங்கள் பகுதிக்கு அதைவிட நல்ல வழி இல்லை. 1920-க்கு முந்தைய வரைபடம் என்றால், இன்றைய தி.நகரில் தெருக்கள் இருக்காது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஏரிதான் தெரியும். லாங் டேங்க் என்று ஆங்கிலேயர் குறித்தது அதைத்தான். 1923 வாக்கில் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து மனை பிரித்தார்கள், தி.நகர் பிறந்தது.

அந்த ஏரியின் கரை எல்லையை இன்றைய வரைபடத்தின் மேல் பென்சிலால் வரைந்துகொண்டு நடந்து பாருங்கள். ஏரியே கண்ணில் படாத உங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு ஏன் இருக்கிறது என்று விளங்கிவிடும். நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் (ஏரிக்கரை) ரோடும் அப்படித்தான். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். அப்புறம் ஒரு பெருமழை நாளில் அதே வரைபடத்தோடு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறித்து வாருங்கள். ஊர் வரலாற்றில் இதைவிட அவசரமான பாடம் இல்லை என்பேன்.

'1 அங்குலம் = 1 மைல்' என்று போட்டிருக்கிறது. அளந்தால் ஒத்துவரவில்லையே?

தாளுக்கு ஏற்ப படத்தைச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டு, அடியில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். படத்தோடு அதுவும் சுருங்கியிருக்கும். அது வெட்டுப்பட்டிருந்தால் இடம் மாறாத இரண்டு புள்ளிகளை எடுங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இலிருந்து நிற்கும் செயின்ட் மேரி தேவாலயமும் மயிலைத் தெப்பக்குளத்தின் ஒரு மூலையும் போதும். இன்றைய தூரத்தோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

வரைபடத்தில் உள்ள ஆண்டுக்கு முன்பே கட்டிய பாலம் அதில் இல்லை. படம் தவறா?

அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. ஓரக் குறிப்புகளில் அளந்த ஆண்டு இருக்கும். அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பழைய வரைபடத்தில் ஏரியும் கோயிலும் இருக்கின்றன; தாத்தா வாழ்ந்த தெரு இல்லை.

ஒரு மைலை ஒரு அங்குலத்தில் அடக்கும் படத்தில் 100 மீட்டர் தெரு 1.6 மில்லிமீட்டர்தான். உங்களுக்குத் தேவை புல எண்களோடு (சர்வே எண்களோடு) கூடிய வருவாய்த்துறை கிராம வரைபடம். தாலுகா அலுவலகத்திலும், பழையவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது நிலவரிக்காக வரைந்தது. வரப்புக்குக் கொடுத்த கவனத்தை நிலமில்லாதவரின் குடிசைக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு நகல் எடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் திண்ணையில் விரியுங்கள். மதகு எது, களம் எது, சேரிக்குப் போன பாதை எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்னவர் பெயரோடு அதிலேயே எழுதுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வரைபடத்தை வைத்துப் பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறைத் தீர்க்கலாமா?

வேண்டாம். அதற்கு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு புல எண்ணின் விவரமும் உள்ள அ-பதிவேடும் இருக்கின்றன; சர்வேயரைக் கூப்பிடுங்கள்.